குளக்கரைப் பதிவேடு

பங்கு அலுவலக அலமாரியில் மிகப் பத்திரமாகப் பூட்டி வைக்கப்படுவதும் மிகக் குறைவாகப் படிக்கப்படுவதுமான நூல் திருமுழுக்குப் பதிவேடு. யாருக்கேனும் திருமணம் நிச்சயமானாலோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தாலோதான் அது வெளிச்சத்துக்கு வரும். பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், குருவின் கையொப்பம். அதில் இருப்பது இவ்வளவே. ஆயினும் இந்தச் சில சொற்களை ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன்னரே ஒழுங்காக எழுதி வைத்திராவிட்டால், இன்று நம்முன் வந்து நிற்பவர் இந்தப் பங்கின் பிள்ளைதானா என்பதற்கு நம்மிடம் சான்று ஏதுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து மாலை ஒன்றில், அத்தகைய சான்றிதழ் கேட்டு ஓர் இளைஞர் வந்தார். பாஸ்காவுக்குப் பின் அவருக்குத் திருமணம். திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் வேலை. ஞாயிறு முதல் திருப்பலிக்கு எப்போதும் தாமதமாக, சேறு படிந்த செருப்போடு வந்து கடைசியில் நிற்பவர் என்பதால் அவரை எனக்கு நன்றாகவே தெரியும். மறையுரையில் ஒருமுறை பெயர் சொல்லாமல் அவரைக் கடிந்தும் இருக்கிறேன். நான் பதிவேட்டைப் புரட்டிக் கொண்டிருக்கையில், அவர் மேசைமேல் வைத்த நாற்பது பக்க நோட்டு ஒன்று மின்விசிறிக் காற்றில் திறந்துகொண்டது. பிறர் எழுத்தைப் படிப்பது முறையன்று என்று அறிந்தே படித்தேன்.

“நஞ்சராயன் குளம், வடகரை. காலை 6.10. முக்குளிப்பான் 2. ஒன்று பாசியைக் கவ்விச் செல்கிறது. தாழைக்கோழி 14. ஆள்காட்டி 2. தலைக்கு மேல் கத்திச் சுற்றுகின்றன, அருகில் போகவில்லை. உள்ளான் 30 அளவில்.”

பக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். முக்குளிப்பானுக்கும் ஆள்காட்டிக்கும் ‘பெரும்பாலும்’ என்றும் தாழைக்கோழிக்கு ‘இருக்கலாம்’ என்றும் எழுதியிருந்தது. எண்ணிக்கையில் அனைத்தையும் விஞ்சிய உள்ளானுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. முப்பது பறவைகளை ஏன் வெறுமையாக விட்டீர் என்று கேட்டேன். அவர் சற்றே கூச்சத்துடன் சொன்னார்: “அதெல்லாம் வந்துட்டுப் போற சனமுங்க சாமி. மத்தது இங்கயே குடியிருக்கற சனமுங்க.”

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தாமதமாக வருவதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. ஊதியமின்றி, எவரும் ஏவாமல், விடியுமுன் குளக்கரையில் நின்று, எந்தப் பறவை எந்த இடத்தில் கூடு கட்டத் தொடங்குகிறது என்று குறித்துவைக்கும் ஒரு சிலருள் அவரும் ஒருவர். இவர்களைப் போன்றோர் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களது வரலாறு நமக்கு அதிகம் சொல்லப்படாத வரலாறு.

பறவையைக் கண்டு எழுதுவது ஒன்று. அது அங்கே குடியிருக்கிறது என்று எழுதுவது வேறொன்று. பங்குனியில் நம் குளங்களில் இருவகையினரும் கலந்து நிற்பர். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கேயிருந்து வந்த விருந்தினர் ஊர் திரும்ப ஆயத்தமாவர். அதே வேளையில் வீட்டார் சோடி சேர்ந்து கூட்டுக்கு இடம் தேடுவர். ஆகவே பருவத்தின் தொடக்கத்தில் பறவை தென்பட்டதையே சான்றாகக் கொள்ள முடியாது. ஏற்ற இடத்தில், ஏற்ற காலத்தில் கண்டால் ‘இருக்கலாம்’. சோடியாக ஓரிடத்தைக் காத்து நின்றாலோ, கூட்டுக்கான பொருளைச் சுமந்தாலோ ‘பெரும்பாலும்’. முட்டையையோ, குஞ்சையோ, குஞ்சுக்கு இரை சுமந்து செல்லும் தாயையோ கண்ணால் கண்டால் மட்டுமே ‘உறுதி’. சான்றுகளை இப்படி மூன்று படிகளாகப் பிரிக்கும் வழக்கம், நீதிமன்றமும் திருச்சபையின் புனிதர் பட்ட விசாரணையும் அறிந்த வழக்கத்துக்குத் தொலைவானதன்று.

‘உறுதி’ என்ற சொல்லுக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பதைத் தூக்கணாங்குருவி விளக்கும். ஆண் குருவிகள் பாதிவரை பின்னிய கூடுகளைப் பெட்டை வந்து பார்வையிடும். பிடித்தால்தான் குடிபுகும். பிடிக்காத கூடு பாதியிலேயே தொங்கும். மும்பைக்கு அருகேயுள்ள கிகிம் கடற்கரைச் சிற்றூரில் தங்கி, இந்த உண்மையைப் பொறுமையாகக் கவனித்து 1930களின் தொடக்கத்தில் எழுதியவர் சலீம் அலி. மரத்தில் இருபது கூடுகள் தொங்குகின்றன என்பதால் இருபது குடும்பங்கள் வாழ்கின்றன என்று எழுதிவிட முடியாது. இடுக்கமான சந்துகளில் வீடுகளைக் கணக்கிட்டுக் குடும்பங்களை மறந்துவிடும் நம் அலுவலர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. முக்குளிப்பான் நீர்ப்பாசியைக் குவித்து மிதக்கும் கூடு கட்டும். வெளியே செல்லும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுச் செல்லும். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். முட்டையிட்ட நாளிலிருந்து குஞ்சு தன்னந்தனியே வாழும் நாள் வரை இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலமும் நீர் வற்றக்கூடாது, பூச்சியும் மீனும் அழியக்கூடாது, கரையிலிருந்து எவரும் வந்து கலைக்கக்கூடாது. வந்துபோகும் பறவை ஒரு குளத்தைப் பற்றி ஒருநாள் செய்திதான் தரும். கூடு கட்டும் பறவை தன் பிள்ளைகளையே பணயமாக வைத்து அக்குளத்தை நம்புகிறது.

இனிப் பதிவேட்டின் கதைக்கு வருவோம். திரிதெந்து பொதுச்சங்கம் தன் 24ஆம் அமர்வில், 1563ஆம் ஆண்டு, திருமணங்களையும் திருமுழுக்குகளையும் பங்குக்குருக்கள் ஏட்டில் எழுதிப் பாதுகாக்க வேண்டுமென விதித்தது. முறைகேடான திருமணங்களைத் தடுப்பதும், ஞான உறவின் தடைகளை அறிவதுமே அன்றைய நோக்கம். அந்தக் கிராமக் குருக்கள் எவரும் தாம் வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் ஒழுகும் அறையில், மங்கிய விளக்கொளியில், சிலர் கிறுக்கலாகவும் எழுதினார்கள். (என் முன்னோடிகள் சிலரின் கையெழுத்தைக் கண்டவர்கள் இதை நம்புவார்கள். என் கையெழுத்தைப் பற்றிப் பின்வருவோர் பேசிக்கொள்ளட்டும்.) ஆனால் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், லூயி ஆன்றி என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் அவ்வேடுகளைத் திறந்தார். நார்மண்டியின் க்ருலே என்ற சிறு பங்கைப் பற்றி 1958இல் வெளிவந்த ஆய்வில், பெயரற்றுப் போன உழவர் குடும்பங்கள் எந்த வயதில் மணந்தன, எத்தனை குழந்தைகளைப் பெற்றன, எத்தனையைப் பறிகொடுத்தன என்பதெல்லாம் ஒவ்வொன்றாக உயிர்பெற்று எழுந்தன. எழுதியவருக்கு அதன் பயன் தெரியாது. தெரியாமலும் ஒழுங்காக எழுதினார்.

பறவைகளுக்கான பதிவேட்டின் தொடக்கத்திலும் ஒரு கிராமக் குரு நிற்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி. அவர் நம் சபையினர் அல்லர், ஆங்கிலிக்கன். இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற ஊரில் வாழ்ந்த கில்பர்ட் வொயிட் பல்லாண்டுகள் நாள்தோறும் குறிப்பெழுதி வந்தார். முதல் தகைவிலான் எந்த நாளில் வந்தது, எது எங்கே கூடு கட்டியது என்பவை அவருடைய அக்கறைகள். ஒன்றுபோல் தோன்றும் மூன்று சிறு குருவிகள் வெவ்வேறு இனத்தவை என்பதை அவற்றின் பாட்டைக் கேட்டே பிரித்தறிந்தார். அவருடைய நூல் 1789இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கடலுக்கு அப்பால் பாரிசில் அரசுகள் கவிழத் தொடங்கியிருந்தன. செல்போர்னில் அவர் குருவி கேட்டுக்கொண்டிருந்தார். அசிசியாரை இங்கே அழைத்துவர நான் விரும்பவில்லை. அவர் பறவைகளுக்கு மறையுரை ஆற்றியவர். நான் சொல்ல வந்தவர்கள் பறவைகள் பேசியதைக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள்.

தனியொருவரின் நாட்குறிப்பு ஊரார் பலரின் கூட்டுப் பதிவேடாக மாறியது இருபதாம் நூற்றாண்டில். விதைகளில் பூசிய நஞ்சினால் வயல்களில் பறவைகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்த காலம் அது. ரேச்சல் கார்சனின் நூல் அமெரிக்காவில் வெளியான அதே 1962ஆம் ஆண்டில், பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை தன் தொண்டர்களைக் கொண்டு வயல்வெளிகளின் சாதாரணப் பறவைகளை ஆண்டுதோறும் பதிவுசெய்யத் தொடங்கிற்று. அரிய பறவையை எல்லாரும் தேடிச் செல்வர். சாதாரணப் பறவை குறைந்துகொண்டே போவதை, அது முற்றும் இல்லாமற்போகும் வரை எவரும் கவனிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கணக்கு.

ஒரு வட்டாரம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகச் சென்று, எங்கெங்கே எந்தப் பறவை இனம் பெருக்குகிறது என்று வரைபடம் வரைந்த முன்னோடி முயற்சி எங்கே நடந்தது தெரியுமா? இயற்கை எழில் கொழிக்கும் மலைநாட்டில் அன்று. பர்மிங்காமையும், நிலக்கரிப் புகையால் ‘கருநாடு’ என்றே பெயர் பெற்ற தொழிற்பகுதியையும் உள்ளடக்கிய மேற்கு மிட்லண்ட்சில். அங்குள்ள பறவைக் கழகத்தின் தொண்டர்கள் 1966 முதல் 1968 வரை அலைந்து திரட்டியவை 1970இல் நூலாயின. அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, 1968 முதல் 1972 வரை பிரித்தானியாவும் அயர்லாந்தும் முழுவதுமே 10 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உழைப்பால், ஒரு சதுரமும் விடாமல் பதிவு செய்யப்பட்டது. நூல் 1976இல் வந்தது. இன்று எந்தப் பறவை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்நாட்டினர் வாதிடும்போது, அந்த ஏட்டைத்தான் முதற்சாட்சியாக அழைக்கிறார்கள். புகைபோக்கிகளின் நிழலில் வாழ்ந்தவர்களே இதைத் தொடங்கிவைத்தார்கள் என்பதைத் திருப்பூரார் மறக்க வேண்டாம்.

நம் நாட்டில் இந்த மரபுக்கு வேறொரு வேர் உண்டு. வேடந்தாங்கல் உழவர்கள், ஏரியில் கூடும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு எருவாவதை அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுட வந்த வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி அவர்கள் முறையிட, செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்களுக்குக் கவுல் எழுதித் தந்தார். 1858இல் மறுபடியும் ஆட்சியர் ஆணை ஒன்றைப் பெற்றார்கள். பறவையை நேசிப்பது மட்டும் போதாது, கையில் ஒரு காகிதமும் வேண்டும் என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

அண்மைக் காலத்தில் கேரளம் பெருஞ்செயல் ஒன்றைச் செய்தது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் மாநிலம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் சென்று, 361 பறவையினங்களைப் பற்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் பதிவுகளைத் திரட்டினர். இனப்பெருக்கத்தை மட்டும் குறித்த ஏடன்று அது. ஆனால் மாநில அளவில் இந்தியாவில் எழுந்த முதற் பறவை வரைபடத் தொகுப்பு. ஆசிரியர்கள், மருத்துவர்கள், மாணவர்கள், உழவர்கள் என எல்லாரும் தம் செலவிலேயே பேருந்தேறிச் சென்றவர்கள். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பும் இவ்வழியில் வந்ததே. இத்தகையோரின் குறிப்புகளைத் தொகுத்து 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அறிக்கைக்கு ஆதாரம், ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் விடியலில் எழுதிய வரிகள்.

பெயரில்லாததைப் பதிவு செய்ய முடியாது. இவ்வகையில் நாம் கோவைத் தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம். வேடர்களிடமும் உழவர்களிடமும் வழங்கிய பறவைப் பெயர்களை நடந்து தேடிச் சேர்த்து நூலாக்கினார் அவர். முக்குளிப்பான் என்றும் ஆள்காட்டி என்றும் அந்தக் கட்டிங் தொழிலாளி தயங்காமல் எழுதுகிறார் என்றால், அப்பெயர்கள் அழியாமல் காத்தவர் ஒருவர் இருந்தார் என்று பொருள். உயிரினங்களுக்குப் பெயரிடும் வேலையை ஆண்டவர் ஆதாமுக்குக் கொடுத்தார் என்று தொடக்கநூல் சொல்வதை நாம் விரைந்து படித்துக் கடந்துவிடுகிறோம்.

நஞ்சராயன் குளம் திருப்பூர் நகருக்கு வடக்கே, சர்க்கார் பெரியபாளையத்துக்கும் கூலிப்பாளையத்துக்கும் அருகே கிடக்கிறது. நஞ்சராயன் என்ற மன்னர் பல நூற்றாண்டுகளுக்கு முன் அதைச் செப்பனிட்டதால் இப்பெயர் என்பர். நொய்யலின் துணையாறான நல்லாற்றின் வடிகால்தான் அதற்கு நீர் தருகிறது. பரப்பு 125 ஹெக்டேருக்குச் சற்று மேல். பனியன் ஏற்றுமதியில் ஊரே மூழ்கியிருந்த ஆண்டுகளில், திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் இக்குளத்துக்குத் தொடர்ந்து சென்று, பார்த்ததை எழுதினார்கள். பறவைகள் காப்பிடமாக இதை அறிவிக்க வேண்டுமென்று அரசிடம் கேட்டபோது, அவர்களால் வெறும் ஆசையை மட்டுமன்றி, ஆண்டும் நாளும் இட்ட பட்டியல்களையும் நீட்ட முடிந்தது. 2022இல் அது தமிழகத்தின் 17ஆவது பறவைகள் காப்பிடமாயிற்று. 2024 ஆகஸ்டில், விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளியோடு சேர்ந்து, ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. அப்போது வெளியிடப்பட்ட குறிப்பில் இக்குளத்துப் பறவையினங்கள் 191 என்று கண்டிருந்தது.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது அரைகுறை உண்மையாகிவிடும். மழைநீரோடு ஊர்க் கழிவும் அக்குளத்துக்கு வந்து சேர்கிறது. பறவை கூடியிருப்பதால் நீர் தூயது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வந்த வரித்தலை வாத்தைப் படம் பிடிக்க எத்தனையோ பேர் வருகிறார்கள். அது செய்தித்தாளிலும் வருகிறது. ஆனால் குளத்தின் உடல்நிலையை அறிய வேண்டுமானால், படம் பிடிக்க எவரும் வராத முக்குளிப்பானின் கூடுகளை ஆண்டுதோறும் எண்ண வேண்டும். நோட்டின் ஓரத்துச் சிறு சொற்களின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இனி நொய்யல். இதைப் பற்றி எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990ஆம் ஆண்டு உலக அமைதி நாளுக்கு விடுத்த செய்தியை, படைத்தவரோடும் படைப்பு அனைத்தோடும் நாம் கொள்ள வேண்டிய அமைதிக்கே அர்ப்பணித்தார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை எழுந்தது. வயல்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ந்தது. உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். ஆண்டுகள் பல கடந்தபின், 2011 சனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே மூச்சில் நின்றன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத முறையை ஏற்படுத்திய பின்னரே அவை படிப்படியாகத் திறந்தன.

அந்த மாதங்களில் ஒரே திருப்பலியில் இருவகை மன்றாட்டுகள் என்னிடம் வந்தன. ஆலைகள் திறக்க வேண்டும் என்று வாடகை கட்ட முடியாத சாயப்பட்டறைத் தொழிலாளியின் மனைவி கேட்டார். திறக்கவே கூடாது என்று, ஆற்றோரத்தில் நிலத்தை இழந்த பெரியவர் கேட்டார். நான் இரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஏதோ மன்றாடினேன். அது கோழைத்தனமா, மேய்ப்பரின் கவனமா என்பதை இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அந்தப் பெரியவர் திருப்பலிக்குப் பின் என்னிடம் நின்று, ஆற்றில் முன்னெல்லாம் எத்தனை குருகு, எத்தனை மீன்கொத்தி, மணற்கரையில் எத்தனை முட்டை என்று கைவிரித்துக் காட்டினார். எத்தனை என்று நான் கேட்டேன். “கணக்கா வச்சோம்?” என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை விட்டுப் போகவில்லை. இழந்த நெல்லுக்கும் தென்னைக்கும் அடங்கல் இருந்தது, பட்டா இருந்தது, மதிப்பீடு இருந்தது. ஆற்றில் குடியிருந்தவற்றுக்கு என் கைக்கு எட்டியது பெரியவர்களின் நினைவு மட்டுமே. அந்த நினைவும் ஒவ்வோர் அடக்கச் சடங்கோடும் குறைந்து வருகிறது. இன்னின்னது இங்கே பிறந்து வளர்ந்தது என்ற பதிவு இல்லாதவர்களுக்காக வழக்காடுவது எவ்வளவு கடினம் என்பதை, பிறப்புச் சான்றில்லாத ஏழைகளோடு அலுவலகங்களில் நின்ற எவரும் அறிவர்.

கணக்கெடுப்பு என்றாலே விவிலியம் அறிந்தவர்களுக்கு ஒரு தயக்கம் வரும். தாவீது தன் மக்களைக் கணக்கிட்டார். யோவாபு ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடெங்கும் சுற்றி, வாளேந்தும் வீரர் எத்தனை பேர் என்று எண்ணி வந்தார். அது பாவமாயிற்று, கொள்ளைநோய் வந்தது. எண்ணுவது ஏன் பாவம் என்று குருமடத்தில் எங்கள் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறோம். தனக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்று அறிவதற்காக எண்ணியதே பாவம் என்பார் அவர். திருப்பூரில் நாம் காலை முதல் இரவு வரை எண்ணுகிறோம். பீஸ் எத்தனை, டசன் எத்தனை, ஷிப்ட் எத்தனை, டாலர் எத்தனை. இவை பிழைப்புக்குத் தேவை, நான் இகழவில்லை. ஆனால் இவை அனைத்தும் நமக்குச் சேர வேண்டியதன் கணக்கு. தனக்கு ஒருபோதும் சொந்தமாகாத ஒன்றை, அது அங்கே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எண்ணுவது வேறுவகைச் செயல்.

ஆண்டவரும் அப்படி எண்ணியதாக நற்செய்தி கூறுகிறது. மத்தேயுவில் இரண்டு குருவிகளுக்கு விலை ஒரு காசு. லூக்காவில் ஐந்து குருவிகளுக்கு இரண்டு காசு. கடைக்காரக் கணக்கின்படி நான்குக்குத்தான் இரண்டு காசு. ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அந்த ஐந்தாவது குருவியும் கடவுள் முன் மறக்கப்படவில்லை என்பதே லூக்காவின் நுட்பம். கூட்டைப் பற்றியும் திருச்சட்டம் பேசுகிறது. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால், குஞ்சோடு தாயையும் பிடிக்கலாகாது என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் விலக்குகிறது. பெற்றோரைப் போற்றுவோருக்குத் தரும் அதே நீடித்த வாழ்வின் வாக்குறுதியை இதற்கும் தருகிறது. ஒரு காசு மதிப்புள்ள இலேசான கட்டளை என்று யூத ராபிகள் இதைக் குறிப்பிட்டார்கள். நற்செய்தியில் குருவிக்குச் சொல்லும் அதே காசுதான் அது. 2015இல் வெளிவந்த ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில், நம்மால் அழிந்துபோன உயிரினங்கள் இனித் தங்கள் இருப்பால் கடவுளைப் புகழ முடியாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் வருந்தியபோது, இந்த ஒரு காசுக் கட்டளைதான் என் நினைவுக்கு வந்தது.

திருமணத்துக்கு முந்திய சனிக்கிழமை அந்த இளைஞரோடு குளத்துக்குச் சென்றேன். “வெள்ளை அங்கி வேண்டாமுங்க சாமி, வெரசாத் தெரிஞ்சுரும்” என்று முன்னமே சொல்லியிருந்தார். பழைய பழுப்புச் சட்டையில் சென்றேன். கிழக்கு வெளுக்கும் நேரம். நீர் வற்றிய ஓரத்தில், வண்டித்தடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஆள்காட்டி ஒன்று தரையோடு தரையாக அமர்ந்திருந்தது. நாங்கள் தொலைவிலேயே நின்றோம். மனிதன் போன தடத்தைப் பார்த்துக் காகம் பின்தொடருமாம். ஆகவே கூட்டை நெருங்கலாகாது என்பது இவர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. பறவை எழுந்து இரண்டடி நடந்த ஒரு நொடியில் தொலைநோக்கியை என் கையில் தந்தார். வெறும் மண்ணில், கூரிய முனை உள்நோக்கிச் சேர்ந்து, மண்ணின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். இணைப்பறவை எங்கள் தலைக்கு மேல் வந்து கத்தத் தொடங்கிற்று. அவர் நோட்டில் ‘உறுதி’ என்று எழுதினார். இடம் என்ற பகுதியில் ‘வடகரை’ என்பதற்கு மேல் எதையும் எழுதவில்லை. ஏட்டைப் பார்க்கும் எல்லாரும் நல்லெண்ணத்தோடு பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாதாம்.

பத்து நாள் கழித்து நோட்டை மறுபடி பார்த்தேன். “முட்டை இல்லை. ஓடு இல்லை. குஞ்சு காணவில்லை. பெரியவை இரண்டும் 200 அடி தள்ளி நிற்கின்றன.” எதிரே ‘தெரியவில்லை’ என்றிருந்தது. ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரிந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நடந்துவிடும். தாய் கத்தியதும் மண்ணோடு மண்ணாகப் பதுங்கிவிடும். பொரிந்து நடந்திருக்கலாம், நாய் தின்றிருக்கலாம், டிராக்டர் ஏறியிருக்கலாம். பொரிந்திருக்கும் என்று எழுதிவிடுங்களேன், நல்ல வேளையில் கல்யாணம் வேறு நடந்திருக்கிறது என்றேன் விளையாட்டாக. “பார்க்காததை எப்படிங்க சாமி எழுதறது?” என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு முதல் திருப்பலிக்குப் புதுமணத் தம்பதியர் இருவரும் தாமதமாகவே வந்து கடைசியில் நின்றனர். இரண்டு சோடிச் செருப்பிலும் சேறு இருந்தது.